கனகலிங்கம் அண்ணை குளிக்கப் போன நாள்

யப்பானுக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறவளுக்கு என்ன வேலையெண்டு கேட்டால், கொடி பிடிச்சுக்கொண்டு முன்னாலை நடக்கிறது எண்டுதான் எல்லாரும் நினைப்பினம். பழைய கோயில், சிவத்த மேப்பிள் இலை, தேநீர்ச் சடங்கு, கிமோனோ உடுத்தி ஒரு படம். அதெல்லாத்தையும் யப்பான்காரர் வடிவாப் பாத்துக்கொள்ளுவினம். என்ர வேலை பயப்பிடுறது. நான் கூட்டிக்கொண்டு போறவை பயப்பிடக்கூடாது எண்டதுக்காக அவையின்ர பங்கையும் சேர்த்து நான் பயப்பிடவேணும்.

இதை லக்சிக்குச் சொன்னன், அவள் சிரிச்சாள். லக்சிதான் இப்ப என்ர கதிரையிலை இருக்கிற பிள்ளை. போன வருசம் என்ர முழங்கால் "போதும்" எண்டு சொல்ல, நானும் மறுபேச்சில்லாமல் வேலையை விட்டிட்டன். "அன்ரி, இப்ப எல்லாம் போனிலை இருக்கு. மொழிபெயர்க்கும், வழி காட்டும். கூட ஒராள் போகவேணுமோ எண்டு ஒஃபிசிலை கதைக்கினம்" எண்டாள். கதைக்கட்டும். ஆனால் போன் எடுக்காத ஒரு மனிசனைப் பற்றி அவளுக்குச் சொல்லவேணும்போலை இருந்துது. அண்டைக்கு அவள் அவசரமாப் போட்டாள். அதுதான் எழுதிறன்.

நான் மொன்றியலுக்குக் கலியாணப் பெட்டையா வந்தனான். முதல் வேலை ஒரு யப்பான் சாப்பாட்டுக்கடைக் குசினியிலை அரிசி களையிறது. அந்தக் கடைக்கு மேல்மாடியிலைதான் கேய்கோ எண்ட யப்பான் மனிசி பயண ஒஃபிஸ் வைச்சிருந்தா. பிரெஞ்சும் இங்கிலீசும் தமிழும், குசினியிலை பொறுக்கின யப்பான் மொழியும் என்ர வாயிலை கிடக்கிறதைக் கண்டிட்டு, ஒருநாள் ஏப்ரனோடையே மேலை கூப்பிட்டுப் போன் பக்கத்திலை இருத்தினா. பின்னேர வகுப்புக்கு அனுப்பினா. நாலைஞ்சு பயணத்துக்குத் தன்ர வாலாக் கூட்டிக்கொண்டு போனா. பேந்து என்னைத் தனிய விட்டிட்டா. அவ்வளவுதான் என்ர படிப்பு.

கேய்கோ சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோவம் வந்தால் இன்னும் மெதுவாக் கதைப்பா. அப்ப கிட்டப் போய்க் காதைக் குடுக்கவேணும், கிட்டப் போகத்தான் எனக்குப் பயம். அவ சொல்லித் தந்த முதல் பாடம், விடுதியிலை ஆக்களின்ர தலையை எண்ணாதே எண்டது. யப்பான் விடுதியிலை எல்லாரும் சப்பாத்தை வாசலிலை கழட்டித் தட்டிலை வைக்கவேணும். ஆக்கள் அறைக்குள்ளை நித்திரை கொள்ளுவினம், கக்கூசிலை இருப்பினம், தலையைத் தேடிக்கொண்டு திரியேலாது. "சப்பாத்தைப் பார். சப்பாத்து இருந்தால் ஆள் உள்ளுக்கு" எண்டா. கன வருசம் அந்தத் தட்டைப் பாத்துத்தான் நான் நிம்மதியாச் சாப்பிட்டிருக்கிறன்.

மொன்றியலின்ர மேற்குப் பக்கத்து எங்கட சனத்துக்கெண்டு ஒரு பயணம் போடுவமெண்டு கேட்டவள் நான்தான். டொலார்ட், இல்-பிசார் பக்கத்திலை ஓய்வெடுத்த சோடிகள் கனபேர். பிள்ளையள் காசு குடுத்து அனுப்புவினம், இவைக்குத்தான் தனியப் போகப் பயம். போறதுக்கு முதல் டொலார்ட்டிலை ஒரு வீட்டு பேஸ்மன்ட்டிலை எல்லாரையும் இருத்தி வகுப்பு எடுத்தன். பாய் விரிச்ச அறைக்குள்ளை செருப்போடை போகக்கூடாது. தேநீர்க் கோப்பையை ரெண்டு கையாலையும் வாங்கிக் கொஞ்சம் திருப்பிப்போட்டுத்தான் குடிக்கவேணும். கடைசியாக் குளியல். மலைக்குள்ளை வெந்நீர் ஊத்து விடுதியிலை பொதுக் குளம், ஆம்பிளையளுக்கு வேறை, பொம்பிளையளுக்கு வேறை. முதல் வெளியிலை இருந்து சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு, உடம்பிலை ஒரு துணியும் இல்லாமல் குளத்துக்குள்ளை இறங்கவேணும்.

பேஸ்மன்ட் அதிர்ந்துது. "அட கோதாரி! இந்த வயசிலை இதைக் காட்டவோ அவ்வளவு தூரம் போறம்?" எண்டு சிவம் அண்ணை தொடங்கிவிட்டார், பொம்பிளையள் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சினம். கனகலிங்கம் அண்ணை மட்டும் சிரிக்கேல்லை. அவர் தையல் ஃபக்டரி ஒண்டிலை மெசின் திருத்தி ஓய்வெடுத்த மனிசன், எழுபது தாண்டியிட்டுது, சீனி வருத்தம். வருசம் தவறாமல் கந்தசஷ்டி விரதம். பயணம் அந்தக் கிழமையிலைதான் விழுந்துது. "யப்பானிலையும் முருகன் இருக்கிறார்தானே, நான் பிடிப்பன்" எண்டார். பக்கத்திலை இருந்தது மணி அக்கா, அவரின்ர மனிசி. அவ பொதுவாக் கனக்கக் கதைக்கிறதில்லை.

கியோட்டோவிலை எல்லாம் நல்லாத்தான் போச்சு. அதுக்குப் பிறகு மலைக்குள்ளை ஒரு கிராமத்து விடுதி. மர வீடு, கீழை ஒரு ஒழுங்கை, மேலை முழுக்க சீடர் காடு. பகலிலையே உள்ளுக்கு இருட்டு. கிராமத்து முகப்பிலை ஒரு பலகை, அதிலை கரடிப் படம். அந்த வருசம் கரடி பசியிலை ஊருக்குள்ளை இறங்குதெண்டு விடுதி அம்மா சொன்னா. நான் அதை எங்கட ஆக்களுக்குச் சொல்லி, தனியக் காட்டுப் பாதைக்குப் போகவேண்டாமெண்டும் சொன்னன். சிரிச்சுக்கொண்டு கேட்டினம்.

முதல்நாள் பின்னேரமே வில்லங்கம். கனகலிங்கம் அண்ணை சாரத்தைக் கட்டிக்கொண்டு குளத்துக்குள்ளை இறங்கிப்போட்டார். உள்ளுக்கு இருந்த யப்பான்காரர் ஒண்டும் சொல்லாமல் ஒவ்வொருத்தரா எழும்பிப் போயிட்டினம். விடுதிக்காரர் ஓடிவந்து, இடுப்பு வளையக் கும்பிட்டுக் கும்பிட்டு, கையாலை சாரத்தைக் காட்டினாராம். அண்ணை கரையேறி, தலையிலை ஒரு சொட்டுத் தண்ணி படாமல் அறைக்குப் போயிட்டார்.

நான் போய்க் கதைச்சன். "அண்ணை, ஆம்பிளையள்தானே. ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

"பிள்ளை, நான் கிணத்தடியிலையே சாரத்தோடை குளிச்சு வளர்ந்தவன். என்ர அப்பர்கூட என்னை அப்பிடிக் கண்டதில்லை."

"வாளியிலை சுடுதண்ணி கொண்டுவந்து தாறன், துடையுங்கோ."

"விரதத்துக்குத் துடைக்கிறதோ? தலையிலை விழவேணும். நீ போ, நான் பாக்கிறன்."

அந்த "நான் பாக்கிறன்" எண்டதை எங்கட ஆம்பிளையள் சொன்னால் ஒண்டும் பாக்கமாட்டினம் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்.

அடுத்தநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூறல். மூண்டு மணிக்கு விடுதியின்ர தேநீர் அறையிலை சடங்கு. அதுவரைக்கும் எல்லாரும் ஆறுதலா இருக்கட்டுமெண்டு விட்டன். சடங்குக்கு வரேக்கை கனகலிங்கம் அண்ணையைக் காணேல்லை. வாசல் தட்டை எட்டிப் பாத்தன், அவரின்ர கறுப்புச் சப்பாத்து இருக்கு. விரதக்காரர், களைச்சுப் படுத்திருக்கிறார் எண்டு விட்டன்.

அந்தத் தேநீர் அறை பாய் போட்ட சின்ன அறை. குனிஞ்சுதான் உள்ளுக்குப் போகலாம், பெரிய மனிசனெண்டாலும் குனியத்தான் வேணும். கரியிலை கேத்தில் முனகும். தேநீர் போடுற மனிசி துணியை மடிக்கிறதும், மூங்கில் அகப்பையைத் தூக்கிறதும், பச்சைத் தூளை மூங்கில் மத்தாலை அடிக்கிறதும், எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு. கதைக்கக்கூடாது. "ஒரு தேத்தண்ணிக்கு இவ்வளவு பாடோ" எண்டு சிவம் அண்ணை முணுமுணுக்க, நான் கண்ணாலை அடக்கினன். மணி அக்கா கோப்பையை ரெண்டு கையாலையும் வாங்கினா. திருப்பினா. குடிக்கேல்லை. பக்கத்திலை வெறுமையாக் கிடந்த மெத்தையைப் பாத்துக்கொண்டே இருந்தா.

வெளியிலை வந்த உடனை என்ர கையைப் பிடிச்சா. "சுகந்தி, அவர் உங்களோடை கீழையில்லையோ?"

"அறையிலை படுத்திருக்கிறார் எண்டெல்லோ நான் நினைச்சன்!"

"அறையிலை இல்லை. நான் பாத்திட்டுத்தான் வந்தனான்."

குளியலறை, கக்கூஸ், மேல்மாடி, பின்வளவு, எல்லாம் ஓடித் தேடினம். போனுக்கு அடிச்சன், அது அவரின்ர தலைகணிக்குக் கீழை இருந்து அடிச்சுது. சப்பாத்து அங்கை, போன் இஞ்சை, ஆள் இல்லை.

கேய்கோவுக்கு எடுத்தன். மொன்றியலிலை விடியாத நேரம், ஆனால் உடனை எடுத்தா. எப்பிடி நடந்தது, ஏன் விட்டனி எண்டு ஒரு சொல் கேக்கேல்லை. மூண்டே மூண்டு கேள்வி, அதுவும் அந்த மெல்லிய குரலிலை. கடைசியா ஆர் கண்டது? என்ன சாப்பிட்டவர்? காலிலை என்ன?

காலிலை என்ன எண்ட உடனைதான் மணி அக்காவின்ர முகம் மாறிச்சு. பெட்டியைத் திறந்து கிளறினா. "பாத்றூம் செருப்பைக் காணேல்லை" எண்டா. டொலார்ட்டிலை இருந்து பொலித்தீன் பையிலை சுத்திக் கொண்டுவந்த றப்பர் செருப்பு. எந்த நாட்டுக்குப் போனாலும் எங்கட சனம் அதைக் கொண்டுபோகும். கேய்கோவின்ர பாடத்திலை அது இல்லை.

சாப்பாடு? விடிய ஒரு கோப்பைப் பால். அதுக்கு மேலை சீனிக் குளிசையை மட்டும் ஒழுங்காப் போட்டிருக்கிறார். சாப்பிடாமல் அந்தக் குளிசையைப் போட்டால் சீனி அடியோடை இறங்கும், மயங்கினால் எழும்பேலாது. அது எனக்கும் தெரியும், மணி அக்காவுக்கும் தெரியும்.

கண்டது ஆர் எண்டு கேட்டன். அதுதான் இண்டைக்கும் நினைக்க எனக்குப் பத்தியெரியும். விறாந்தையிலை சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நாலு பேரும் கண்டிருக்கினம்! தோளிலை துவாய், கையிலை ஒரு பை, பின்கேற்றாலை இறங்கிப் போனவராம், தாங்கள் சாப்பிட்டு முடிஞ்ச கையோடை.

"எங்கை போறியள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே?"

சிவம் அண்ணை நிலத்தைப் பாத்தார். "வெளிக்கிட்டுப் போற மனிசனை எங்கை எண்டு கேக்கிறதே, பிள்ளை? போற காரியம் உருப்படுமே? அதுவும் விரதக்காரன்."

என்ர வீட்டிலையும் அதுதான் வழக்கம். ஆரும் தவறிக் கேட்டால், போறவர் திரும்பி வந்து இருந்து, ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டுத்தான் போவார்.

கிராமத்துப் பொலிஸ்காரர் வந்தார். இளம் ஆள், தொப்பியைக் கழட்டிக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு பணிவாக் கேட்டார். எங்கை போறதெண்டு சொல்லிப்போட்டுப் போனார்? சொல்லேல்லை. நாலு பேர் கண்டவையெல்லோ, ஒருத்தரும் கேக்கேல்லையா? கேக்கேல்லை. மனிசியுமா? நான் மொழிபெயர்த்தன். மணி அக்கா தலையை ஆட்டினா. விடுதி அம்மா வாயிலை கையை வைச்சுக்கொண்டு எங்களை ஒவ்வொருத்தரையும் மாறி மாறிப் பாத்தா.

அப்ப மலைக்குள்ளை இருந்து அந்தச் சத்தம் வந்துது. யப்பான் கிராமங்களிலை கம்பத்திலை ஒலிபெருக்கி கட்டியிருப்பினம், பூமி நடுக்கம், வெள்ளம் எண்டால் சொல்ல. இப்ப அதிலை, வெளிநாட்டு விருந்தாளி ஒருத்தர், வயசாளி, காணேல்லை எண்டு ஒரு பொம்பிளைக் குரல் நீட்டி நீட்டிச் சொல்லுது. மலையிலை பட்டு ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தரம் கேக்குது. எனக்கு மொழி விளங்கும். மணி அக்காவுக்கு விளங்காது, அவவுக்கு ஒலிபெருக்கி மட்டுந்தான் கேட்டுது. ஊரிலை ஆமிக்காரர் ஊரடங்குச் சட்டத்துக்கு வீதி வீதியா ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்த காலம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவ வாசல் படியிலை அப்பிடியே குந்தியிட்டா.

"என்ர பெரியவனும் இப்பிடித்தான்" எண்டா.

எனக்கு முதலிலை விளங்கேல்லை. அவைக்கு லாவாலிலை ஒரு மகள் மட்டுந்தான் எண்டு நினைச்சிருந்தன்.

"கேற்றடியிலை சைக்கிளை எடுத்தவன். நான் அரிசி புடைச்சுக்கொண்டு இருந்தனான். நிமிந்து பாத்தனான். எங்கையடா எண்டு வாய் வரைக்கும் வந்தது. வெளிக்கிடுற பிள்ளையை மறிக்கக்கூடாதெண்டு விழுங்கிப்போட்டன். ஆமிக்காரன் கேட்டான், எங்கை போனவன்? செஞ்சிலுவை கேட்டுது, எங்கை போனவன்? பிறகு ஒவ்வொரு கொமிசனும் கேட்டுது. எனக்குத் தெரியாது, சுகந்தி. கிழக்காலை போனானோ மேற்காலை போனானோ எண்டுகூடத் தெரியாது. எங்கை போய்த் தேடுறது?"

நான் அவவைக் கட்டிப் பிடிச்சன். எனக்கும் அழுகைதான், ஆனால் பொலிஸ்காரர் பாத்துக்கொண்டு நிக்கிறார். "என்ன சொல்லுறா? இடம் ஏதும் சொல்லுறாவோ?" எண்டு கேட்டார். இல்லை, வேறை கதை எண்டன்.

இவ்வளவுக்கும் விடுதி அம்மா சும்மா இருக்கேல்லை. ஒழுங்கையிலை இருக்கிற வீடுகளுக்கு ஒவ்வொண்டா போன் எடுத்துக்கொண்டிருந்தா. அந்த நாட்டு வழக்கம் எங்கடைக்கு நேர்மாறு. படலையாலை ஒராள் போகக் கண்டால், "எங்கை, வெளியிலையோ?" எண்டு கேக்காமல் விடமாட்டினம். "இந்தா, உதிலைதான்" எண்டு மறுமொழி சொன்னாப் போதும், ஒருத்தரும் மேலை தோண்டமாட்டினம். அது அவையின்ர வணக்கம் மாதிரி. கடைசி வீட்டிலை, கூரையோரம் பேர்சிமன் பழம் உரிச்சுக் காயக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மனிசி, துவாயோடை போன வெளிநாட்டுக்காரரையும் வழக்கம்போலைக் கேட்டிருக்கிறா. அவருக்கு மொழி விளங்கியிருக்காது. ஆனால் முகத்தைப் பாத்து விளங்கியிருக்கும். கும்பிட்டிட்டு, தலையிலை தண்ணி ஊத்துற மாதிரிக் கையைக் காட்டி, மேலை விரலை நீட்டினவராம். அருவிக்குப் போறார் எண்டு அவவும் விளங்கி, வழுக்கும், கவனம் எண்டு சொல்லி அனுப்பினாவாம்.

அருவிக்கு ஒரே ஒரு பாதை. பொலிஸ்காரரும் ஊர் ஆம்பிளையளும் சத்தம் கேட்டால் கரடி விலகிப்போகுமெண்டு இடுப்பிலை மணியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டினம். எனக்கும் ஒண்டைக் கட்டிவிட்டு, "உங்கட மொழியிலை கூப்பிடுங்கோ" எண்டினம். மணி அக்கா என்ர கையிலை ஒரு கற்கண்டுப் பொட்டலத்தைத் திணிச்சா.

என்ர வாழ்க்கையிலை அப்பிடி நான் பயந்ததில்லை. நாலரை தாண்டினால் அந்தக் காட்டிலை வெளிச்சம் இல்லை. ஈரப் பாசி, வேர், மேலை இருந்து சொட்டுச் சொட்டாத் தண்ணி. பத்தைக்குள்ளை ஏதோ அசைஞ்சால் எல்லாரும் நிக்கினம், மணியைக் கிலுக்கினம், பேந்து நடக்கினம். நான் "கனகலிங்கம் அண்ணை! அண்ணோய்!" எண்டு கத்துறன், அருவி இரைச்சல் என்ர குரலை விழுங்குது. பாதையிலை ஒரு றப்பர் செருப்பு குப்புறக் கிடந்துது. ஒண்டுதான். முருகா, உன்ர விரதம் பிடிச்ச மனிசனையோ எடுக்கப்போறாய் எண்டு வாய்விட்டுத் திட்டினன். பிறகு அதுக்கும் பயந்து மன்னிப்புக் கேட்டன். மணி அக்காவுக்கு நான் என்னத்தைக் கொண்டுபோய்ச் சொல்லுறது? இன்னொருக்காத் "தெரியாது" எண்டோ?

அருவிக்குக் கொஞ்சம் கீழை, ஒரு கல்லுச் சாமிக்குத் தகரம் போட்ட சின்னக் கொட்டில். அதுக்குள்ளை இருந்தார். நனைஞ்ச சாரம், துவாயாலை மூடின தலை, வீங்கின கணுக்கால். உதடு நீலம். பல்லு அடிக்கிற அடி எனக்குக் கேக்குது. நெத்தியிலை திருநீறு மட்டும் வடிவாப் பூசியிருந்துது.

"குளிச்சிட்டன் பிள்ளை" எண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு! கற்கண்டை வாயிலை வைக்கப் போக, முகத்தைத் திருப்புறார், சாப்பிடேலாதாம், விரதமாம். கண் செருகுது, ஆள் சரியுது, கதை குழறுது, ஆனால் விரதம் மட்டும் நிக்குது. "அண்ணை, முருகன் கோவிக்கமாட்டார். மணி அக்கா வாசல் படியிலை இருந்து உங்கட பெரியவனைப் பற்றிச் சொல்லி அழுகிறா" எண்டன்.

வாயைத் திறந்தார். கற்கண்டு கரையக் கரைய அவரின்ர கண்ணாலை தண்ணி ஓடிச்சு. பொலிஸ்காரர் இனிப்புக் கோப்பி ரின் ஒண்டைத் திறந்து பருக்கினார். அதுக்குப் பிறகு அண்ணை என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டுதான். "அவளுக்குச் சொல்லாமல் வந்திட்டனே. அவள் தேடினவளோ?"

சுமந்து கொண்டுவந்தினம். மணி அக்கா ஓடிவரேல்லை, அழேல்லை, ஏசவுமில்லை. அவரின்ர காலைத் தொட்டுப் பாத்தா. பேந்து பொலிஸ்காரருக்கு முன்னாலை நிலத்திலை இருந்து, அந்த ஊர் ஆக்களைப் போலவே நெத்தி பாயிலை முட்டக் கும்பிட்டா. அதை நான் பேஸ்மன்ட்டிலை சொல்லிக் குடுக்கேல்லை. அந்தப் பொடியன் பதறிப்போய்த் தானும் கும்பிட்டான்.

ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாத்து விட்டினம். கேய்கோ போனிலை, "நல்லது" எண்டு மட்டும் சொன்னா. பிறகு கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டுது. அவவும் பயந்துதான் இருந்திருக்கிறா எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்த மாரியிலை டொலார்ட்டிலை அவையின்ர வீட்டை போனன். வெளியிலை முழங்கால் அளவு சினோ, பனி கொட்டிக் கிடக்குது. மணி அக்காவின்ர தங்கச்சி குடும்பமும் வந்திருந்துது. பால் முடிஞ்சிட்டுது எண்டு கனகலிங்கம் அண்ணை எழும்பி, ஜக்கெற்றைப் போட்டு, பூட்சையும் கொழுவிக்கொண்டு கதவிலை கையை வைச்சார்.

"எங்கை போறியள்?" எண்டு குசினிக்குள்ளை இருந்து மணி அக்கா கேட்டா. பலத்துக் கேட்டா.

தங்கச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "என்னக்கா இது, வெளிக்கிடுற மனிசனை..." எண்டு தொடங்கினவள், தமக்கையின்ர முகத்தைக் கண்டிட்டு நிப்பாட்டினாள்.

அண்ணை கதவிலை இருந்து கையை எடுத்தார். திரும்பி நிண்டு, பள்ளிக்கூடத்திலை பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார். "மூலைத் தெப்பனர் கடைக்கு. பால் வாங்க. பார்க் பக்கத்தாலை போய், அதாலையே திரும்பி வருவன்."

"சரி. போயிட்டு வாங்கோ."

அவர் போனார். மணி அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து எனக்கு முன்னாலை வைச்சிட்டு, போய் யன்னல் சீலையை விலக்கிக்கொண்டு நிண்டா.

"எங்கை எண்டு தெரியுந்தானே அக்கா. வந்து இருங்கோவன்" எண்டன்.

"ஓம், தெரியும்" எண்டா. ஆனால் அவர் கதவைத் திறந்து சினோவை உதறும் மட்டும் அவ வந்து இருக்கேல்லை.